எந்த விரல் என்று எழுதாத ரேகை

என் பெயரும் தகப்பனார் பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் முகப்புத் தாளில் எழுதப்பட்டுள்ளன. எனக்கு வயது இருபத்து நான்கு. கணினி அறிவியலில் பட்டம் பெற்றிருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தகப்பனார் உயிரோடு இல்லை. தாயார் ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறார். அந்த நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஓர் அறையில் நாங்கள் இருவரும் வாடகைக்குக் குடியிருக்கிறோம். நான் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில், உள்ளே வரும் பெட்டிகளின் விவரத்தைக் கணினியில் ஏற்றும் வேலை செய்து வருகிறேன் என்று எழுதலாமா, செய்து வந்தேன் என்று எழுத வேண்டுமா என்று ஏட்டையாவிடம் கேட்டேன். இன்றைய நிலவரம் எதுவோ அதை எழுதச் சொன்னார். ஆகவே, செய்து வந்தேன்.

முதலில் நான் வாயால் சொல்லவும் ஏட்டையா எழுதிக்கொள்ளவும்தான் உட்கார்ந்தோம். அவர் இரண்டு முறை குனிந்து காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, “சத்தமா சொல்லும்மா. எனக்குக் கேட்டாலும் பேனாவுக்குக் கேக்க மாட்டேங்குது” என்றார். அதன் பின்பு தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி, நடந்ததை நடந்த வரிசையில் எழுது, கதை எழுதாதே என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். ஆகவே இது என் கையெழுத்தில் இருக்கிறது. என் தாயார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த வழக்கில் காவலில் இருக்கும் கேமரா அறை ஆபரேட்டரை, நான் அந்த அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். உறவு எதுவும் இல்லை. கேமரா அறையில் காற்று வராது என்பதால் அவர் பாதி நேரம் வெளியே என் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அலுவலகத்தில் மற்றவர்கள் என்னிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசுவதில்லை. அவர்கள் மேல் குறை இல்லை. ஆரம்பத்தில் பேசினார்கள். நான் பதிலை யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள். ஆபரேட்டர் அண்ணன் மட்டும் காலையில் உள்ளே வரும்போது என் மேஜையில் பேனாவால் தட்டி, “என்ன தங்கச்சி, இன்னிக்கு கோட்டா எத்தன வார்த்தை?” என்று கேட்பார். நான் “மூணு” என்பேன். “அதுல ஒண்ணு போச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். பெரும்பாலான நாட்களில் நான் அந்த அலுவலகத்தில் யாரோடும் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

கேமரா அறைக் கணினியில், கோப்புகளுக்கு ரேகை எடுக்கும் நிரல் ஒன்று இருந்தது. அதைப் போட்டது நானும் அல்ல, அண்ணனும் அல்ல. கேமராக்களைப் பொருத்திய கம்பெனிக்காரர்கள் நான் சேர்வதற்கு முன்பே போட்டிருந்தார்கள். ரேகை என்று நான் எழுதுவது இதுதான்: எந்தக் கோப்பை அந்த நிரலிடம் கொடுத்தாலும் அது முதலிலிருந்து கடைசி வரை படித்து, எழுத்தும் எண்ணும் கலந்த அறுபத்து நான்கு குறிகள் கொண்ட ஒரு வரியைத் தரும். ஆங்கிலத்தில் ஹாஷ் என்பார்கள். கோப்பில் ஓர் இடத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி முழுக்க வேறாகிவிடும். ஆகவே இன்று ஒரு ரேகை எடுத்து எழுதி வைத்து, பிறகு ஒரு நாள் மறுபடியும் எடுத்துப் பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் நடுவில் யாரும் கோப்பைத் தொடவில்லை என்று அறியலாம்.

அது கட்டற்ற மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அதில் எனக்கு என்ன சம்பந்தம் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதால் சொல்கிறேன். ஒரு நாள் அண்ணன் என்னைக் கேமரா அறைக்குள் கூப்பிட்டு, “இது இங்கிலீஷ்ல என்னமோ கேக்குது தங்கச்சி. எஸ்ஸுன்னு சொல்லவா, நோன்னு சொல்லவா? நான் ஒருநாள் எஸ்ஸு, ஒருநாள் நோன்னு மாத்தி மாத்திப் போட்டுட்டு இருக்கேன்” என்றார். அதன் பின்பு நான் வீட்டில், அம்மா வேலை முடிந்து வரும்வரை உள்ள நேரத்தில், அந்த நிரலின் வாசகங்களை ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதினேன். ஹாஷ் என்பதற்கு ரேகை என்று போட்டேன். எழுதி முடித்ததை அந்த நிரலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். நத்தை என்ற புனைபெயர் வைத்திருக்கும் ஒருவர் அதை ஏற்று நிரலில் சேர்த்துவிட்டு, நன்றி என்று ஒரு வரி எழுதினார். அவர் எந்த ஊர், ஆணா பெண்ணா என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதன் பின்பு கேமரா அறைக் கணினி தமிழில் கேட்கத் தொடங்கியது. அண்ணன், “இப்பதான் இது மனுசன் மாதிரி பேசுது” என்றார்.

வாசகங்களை மொழிபெயர்க்கும்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். ரேகை எடுக்கப் பல முறைகள் உண்டு. அந்த நிரலில் இரண்டு இருந்தன. ஒன்று எங்கும் பரவலாக உள்ள ஷா-256. மற்றது பிளேக்-3 என்ற மாற்று முறை. இரண்டும் நம்பத்தக்கவை. புதிய கணினிகளின் சில்லுக்குள் ஷா முறைக்கென்றே தனி வசதி இருப்பதால் அதில் அது விரைவாக நடக்கும். அந்த வசதி இல்லாத பழைய கணினிகளில் மாற்று முறைதான் விரைவு. ஆட்கள் காத்திருக்க வேண்டாம் என்று, கணினி பழையதா புதியதா என்பதை நிரலே பார்த்துத் தனக்கு வேகமான முறையை எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். இரண்டு முறையிலும் வருவது அறுபத்து நான்கு குறிகள்தான். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. எந்த முறையில் எடுத்தது என்று நிரல் எங்கேயும் சொல்லாது. நிரலின் உள்ளெழுத்தில் இரண்டு முறைகளும் இருந்தும், மொழிபெயர்க்க வேண்டிய வாசகங்களில் முறையின் பெயருக்கென்று ஒரு சொல்கூட இல்லாததால்தான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே, ஒரே கோப்பைப் பழைய கணினியிலும் புதிய கணினியிலும் கொடுத்தால் இரண்டு வெவ்வேறு ரேகைகள் வரும், பார்ப்பவர்கள் கோப்பு மாறிவிட்டது என்று நினைப்பார்கள், அதனால் வரியின் முன்னால் முறையின் பெயரையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று அந்த நிரலின் பொது விவாதப் பக்கத்தில் எழுதினேன். யாரும் பதில் எழுதவில்லை. அந்தக் கடிதம் தேதியோடு இன்றும் அங்கே இருக்கிறது, யாரும் பார்க்கலாம். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் அடிக்கடி போய்ப் பார்த்தேன் என்பதையும் எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

அதன் பின்பு ஒரு நாள் கிடங்கின் பின்பகுதியில் பெட்டி அடுக்கு சரிந்து, சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் இரண்டு கால்களும் அடியில் மாட்டிக்கொண்டன. சத்தம் அலுவலகம் வரை கேட்டது. அடுக்கு சரியாது, வண்டியை உள்ளே விடு என்று யார் சொன்னார்கள் என்பதுதான் வழக்கு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த இடத்தைப் பார்க்கும் கேமராவின் பதிவை நான் பார்க்கவில்லை. அதில் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று மாலையே போலீசார் வந்து பதிவைக் கேட்டார்கள். ஆபரேட்டர் அண்ணன் அவர்கள் முன்னிலையில் பதிவை நகலெடுத்து, கேமரா அறைக் கணினியில் அதற்கு ரேகை எடுத்து, “இது ஃபைலோட கைரேகை மாதிரி சார், மகஜர்ல எழுதிக்கிட்டா பின்னாடி யாரும் மாத்த முடியாது” என்று சொன்னார். கேட்காமலேயே சொன்னார். நான் என் மேஜையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கைப்பற்றிய பொருட்களை எழுதும் மகஜரில் போலீஸ்காரர் அந்த வரியைப் பார்த்துப் பார்த்து எழுத, அண்ணன் கூடவே படித்துச் சரிபார்த்தார்.

அதன் பின்பு பதிவு ஆய்வகத்துக்குப் போனது. ஆய்வகத்தில் எடுத்த ரேகையும் மகஜரில் உள்ள ரேகையும் ஒத்துப்போகவில்லை என்று அறிக்கை வந்தது. பதிவு அண்ணன் கையில்தான் இருந்தது, நகல் எடுத்தவரும் அவர்தான் என்பதால், பதிவை மாற்றிக் கொடுத்தார் என்று அவரைக் கைது செய்தார்கள். காலையில் என் மேஜையில் தட்டிவிட்டுப் போனவரை மதியம் அழைத்துப் போனார்கள். சாப்பாட்டுப் பாத்திரம் கேமரா அறையில் திறக்காமல் இருந்தது.

மறுநாள் காலை நான் போனபோது அவருடைய நாற்காலியில் யாரோ காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். நான் எடுத்துக் கீழே வைத்தேன். சாயங்காலம் மறுபடியும் பெட்டிகள் இருந்தன. அதன் பின்பு தினமும் காலையில் எடுத்து வைத்தேன்.

அண்ணனுடைய மனைவி, அவருடைய கண்ணாடியையும் பாத்திரத்தையும் வாங்கிப் போக அலுவலகத்துக்கு வந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் எடுத்துக் கொடுத்தேன். பாத்திரத்தைக் கழுவி வைத்திருந்தேன். அவர் அதைத் திறந்து பார்த்து, மூடி, “நீதான் அந்தத் தங்கச்சியா?” என்று கேட்டார். அதன் பின்பு, “நீயாவது நம்புறியாம்மா, அவர் மாத்தலன்னு?” என்றார். நான் தலையாட்டினேன். அவர் அப்போது பைக்குள் கண்ணாடியை வைக்கக் குனிந்திருந்தார். “தலைய ஆட்டுனா எனக்கு எப்படித் தெரியும்? வாயத் தொறந்து சொல்லு” என்றார். “அவர் மாத்தல அண்ணி” என்றேன். அலுவலகத்தில் எல்லாருக்கும் கேட்டது. அண்ணி, “போலீஸ்ல ரெண்டு நம்பர் காட்டுனாங்க. ஒரே நீளம்தான், ஆனா ஒரு எழுத்துகூட ஒட்டலன்னு சொன்னாங்க. அவருக்கே என்ன சொல்றதுன்னு தெரியல. நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போலன்னு சொல்றாரு” என்றார்.

ஒரே நீளம் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு என் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது.

என் மேஜைக் கணினியும் கேமரா அறைக் கணினியும் ஒரே சமயத்தில் வாங்கிய பழைய கணினிகள். என் கைப்பேசியில் அம்மாவின் படம் ஒன்று இருந்தது, இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நிற்பது. கையில் கிடைத்த கோப்பு அதுதான். அதை மேஜைக் கணினியில் ஏற்றி, அந்த நிரலையும் அதில் போட்டு ரேகை எடுத்தேன். அதே படத்தை வீட்டில் என் மடிக்கணினியில் ஏற்றி அதே நிரலில் ரேகை எடுத்தேன். மடிக்கணினி புதியது. இரண்டு வரிகளும் அறுபத்து நான்கு குறிகள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

அதன் பின்பு மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்கவில்லை. “எம்மா, நீ பெட்டி விவரம் ஏத்துற வேலைக்கு வந்திருக்க. கோர்ட் வேலைக்கு வரல” என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, “அந்த வீடியோ செல்லாதுன்னு ஆயிட்டா இங்க எல்லாருக்கும் நிம்மதி. ஆபரேட்டருக்கும் கம்பெனி பாத்து ஏதாச்சும் செய்யும். நீ நடுவுல போய் நிக்காத. சத்தம் போடாத பொண்ணுன்னுதான் உன்ன வேலைக்கு எடுத்தேன்” என்றார். நான் சரி சார் என்று சொல்லவில்லை.

அன்றே நத்தைக்குத் தனிக் கடிதம் எழுதினேன். ஒருவர் காவலில் இருக்கிறார் என்றும், நிரல் எப்படி முறையைத் தேர்ந்தெடுக்கிறது என்று நத்தை எழுதித் தந்தால் போலீசில் கொடுக்கலாம் என்றும் எழுதினேன். பதில் வராது என்று நினைத்தேன். மறுநாள் வந்தது. என் பழைய கடிதத்தை அப்போதே படித்ததாகவும், நான் சொன்னது சரி என்று தோன்றியதாகவும் எழுதியிருந்தார். அந்த நிரலைப் பார்த்துக்கொள்ள முன்பு மூன்று பேர் இருந்தார்கள், ஒருவர் குடும்பம் என்று போய்விட்டார், ஒருவர் வேலை என்று போய்விட்டார், இப்போது நான் மட்டும்தான், ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டு மாலையில் இதைப் பார்க்கிறேன், செய்யலாமா என்று கலந்து பேச ஆள் இல்லாததால் செய்யாமலே விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தார். நிரலின் நடைமுறை பற்றித் தன் பெயரும் விலாசமும் போட்டு ஒரு சான்றும் இணைத்திருந்தார். அது இத்துடன் வைக்கப்பட்டுள்ளது. கடைசியில், காவலில் இருப்பவர் வீட்டுக்கு வந்துவிட்டாரா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். இன்னும் எழுதவில்லை.

இதற்குப் பின்பு இன்று நான் என் தாயாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். இன்ஸ்பெக்டர் முதலில் சான்றைப் படித்தார். “பிளேக்கா? வியாதி பேரு மாதிரி இருக்கு” என்றார். அதன் பின்பு ஆய்வகத்தில் ரேகை எடுத்த மேடத்தை வரச் சொல்லித் தகவல் கொடுத்தார். மேடம், பதிவு இருந்த முத்திரையிட்ட உறையோடும் தன் மடிக்கணினியோடும் வந்தார். என் பேரில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. “மகஜர்ல எந்த முறைன்னு எழுதல. அதனாலதான் அவங்க வெச்சிருந்த அதே புரோகிராம், அதே பதிப்பைத் தேடிப் போட்டேன். இதுக்கு மேல நான் என்ன செஞ்சிருக்கணும்?” என்று கேட்டார். “நீங்க செஞ்சது சரிதான் மேடம். எந்த முறைன்னு புரோகிராம்தான் சொல்லியிருக்கணும். சொல்லல” என்றேன்.

இன்ஸ்பெக்டர், “சரி, ஒரே ஃபைலுக்கு ரெண்டு ரேகைன்னா அப்புறம் ரேகைக்கு என்ன அர்த்தம்? நாளைக்குக் கோர்ட்ல இதத்தான் கேப்பாங்க” என்றார். அவருடைய மேஜையில் கைரேகை வைக்கும் மைத்தட்டு இருந்தது. அதைப் பார்த்து இதைச் சொன்னேன்.

நான் சிறு பிள்ளையாக இருந்தபோது, வேறு பள்ளிக்கு மாறச் சான்றிதழ் வாங்க அம்மா என்னை அழைத்துக்கொண்டு பழைய பள்ளிக்குப் போனார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பெருவிரல் ரேகைதான். பள்ளிக் குமாஸ்தா புதிய ரேகையையும், என்னைச் சேர்த்தபோது வைத்த ரேகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “சேத்துவிட்டது நீ இல்லையே. பிள்ளையோட அம்மாவக் கூட்டிட்டு வா” என்றார். நான் இவங்கதான் எங்க அம்மா என்று சொன்னேன். நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அம்மா ரொம்ப நேரம் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன் பின்பு எழுந்து போய் மற்றக் கையை நீட்டினார். அது ஒத்துப்போனது. என்னைச் சேர்த்த அன்று இடது பெருவிரலை இஸ்திரிப் பெட்டியில் சுட்டுக்கொண்டு கட்டுப் போட்டிருந்ததால் வலது பெருவிரலை வைத்திருக்கிறார். எந்த விரல் என்று யாரும் கீழே எழுதவில்லை.

இன்ஸ்பெக்டர் என் தாயாரை உள்ளே கூப்பிட்டு, இது நடந்ததா என்று கேட்டார். அம்மா, “நடந்துச்சு சார். ரெண்டு கையும் நான்தான் சார்” என்றார். ஏதோ விசாரணை என்று பயந்து இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். இன்ஸ்பெக்டர் கையை இறக்கச் சொன்னார். ஏட்டையா தன் முன்னால் இருந்த வேறொரு கைதியின் தாளை எடுத்து, ரேகைக்குக் கீழே அச்சிட்டிருந்த இடது, வலது என்ற கட்டங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

அதன் பின்பு, கைப்பற்றி வைத்திருந்த கேமரா அறைக் கணினியின் முத்திரையை எல்லார் முன்னிலையிலும் பிரித்தார்கள். ஆய்வக மேடம் உறையைத் திறந்து பதிவை அதில் கொடுத்தார். திரையில் என்னுடைய தமிழில், ரேகை எடுக்கவா என்று கேட்டது. மேடம் ஆம் என்று அழுத்தினார். பழைய கணினி என்பதால் நேரம் எடுத்தது. வரி வந்தது. இன்ஸ்பெக்டர், “ஏட்டு, நீங்க மகஜர வெச்சுக்குங்க. பொண்ணு படிக்கட்டும். ஒவ்வொண்ணா டிக் போடுங்க” என்றார். நான் படிக்கத் தொடங்கினேன். ஏட்டையா கையை உயர்த்தி, “முதல்ல இருந்து. பேனாவுக்குக் கேக்கணும்” என்றார். நான் முதலிலிருந்து படித்தேன். ஏழு, இ, மூன்று, மூன்று, பி என்று அறுபத்து நான்கையும் படித்தேன். பாதியில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. நிறுத்தவில்லை. கடைசிக் குறிக்கும் டிக் விழுந்தது. மகஜரில் இருந்ததும் திரையில் இருந்ததும் ஒன்றே.

அதன் பின்பு அதே பதிவை மேடத்தின் மடிக்கணினியில் கொடுத்தார்கள். முறையை அது தானாக எடுத்தபோது ஆய்வக அறிக்கையில் உள்ள வரி வந்தது. பிளேக்-3 முறையில் எடு என்று நான் சொல்லிக் கொடுத்து மேடம் கட்டளையிட்டபோது, மகஜரில் உள்ள வரி வந்தது. அதையும் என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார்கள். படித்து முடித்ததும் உள்ளே லாக்கப் பக்கத்திலிருந்து, கம்பியில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. “தங்கச்சி, இன்னிக்கு கோட்டா தாண்டிருச்சு” என்று ஒரு குரல் வந்தது. விசாரணைக்காக இன்று அவரை அங்கே கொண்டுவந்திருந்தது எனக்குத் தெரியாது. காவலர் ஒருவர், “பேசாம இருய்யா” என்றார். அதற்குமேல் சத்தம் வரவில்லை. எனக்கும் பதில் சொல்ல அனுமதி இல்லை. நான் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இதை எழுதும்போதும் யோசிக்கிறேன்.

தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது மேனேஜரிடமிருந்து தொலைபேசி வந்தது. “நாளைலருந்து வர வேணாம். உன் டிபன் பாக்ஸ வாட்ச்மேன்கிட்ட குடுத்திருக்கேன், வந்து வாங்கிக்க” என்றார். அம்மாவிடம் சொன்னேன். அம்மா, “அந்த டப்பாவுக்கு மூடி சரியா நிக்காது, அவங்க சாச்சு வெச்சிருப்பாங்க” என்று மட்டும் சொன்னார்.

நான் சொல்வது இவ்வளவுதான். பதிவு எடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. இரண்டு ரேகைகளும் அதனுடையவையே. ஆபரேட்டர் அண்ணன் எதையும் மாற்றவில்லை, எதையும் தப்பாக அமுக்கவும் இல்லை. மகஜரில் உள்ள வரிக்கு எதிரே பிளேக்-3 என்றும், ஆய்வக அறிக்கையில் உள்ள வரிக்கு எதிரே ஷா-256 என்றும் எழுதி, இந்த வாக்குமூலத்தோடு நீதிமன்றத்துக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். நாளை அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வருவதால் இதை இன்றே அனுப்புவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார்.

இன்னொன்று. அலுவலகத்தில் என் மேஜைக்கு எதிரே உள்ள நாற்காலி ஆபரேட்டருடையது. நாளையிலிருந்து அதன் மேல் இருக்கும் பெட்டிகளை எடுக்க அங்கே ஆள் இல்லை. இது வாக்குமூலத்தில் வர வேண்டிய விஷயம் இல்லை என்று ஏட்டையா சொன்னார். அந்த வரிகளை அடித்துவிட வேண்டுமா என்று கேட்டேன். “இருக்கட்டும்” என்றார்.

இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கண்ணால் பார்த்ததையும் கையால் செய்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதினேன். ஏட்டையா முழுவதையும் உரக்கப் படித்தார். என் தாயாரும் கேட்டார். எழுதியது எல்லாம் உண்மை என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சாட்சி

உடனிருந்து கேட்ட சாட்சியின் தாயார், எழுதத் தெரியாதவர், ரேகை வைத்தார். ரேகைக்குக் கீழே ஏட்டையா, யாரும் சொல்லாமலே, தன் கையால் எழுதியது: இடது கைப் பெருவிரல்.